வைத்தியர் இல்லாத மேசை

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மூக்கு மட்டும் எந்நேரமும் ஒழுகுகிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா?

மலைமேல் வானிலை நிலையம் என்றதும் நான் என்னென்னவோ கற்பனை செய்திருந்தேன். வந்து பார்த்தால் தகரக் கூரை போட்ட சில அறைகள், ஜெனரேட்டர் கொட்டகை, காற்றை அளக்க ஒரு கம்பம், அவ்வளவுதான். போன் எடுக்காது. சாமான் லாரி எப்போதாவது ஏறி வரும். கடிதம் அதில்தான் வரும், அதில்தான் போகும். அப்பா போன பிறகு அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் இந்த வேலைக்கு எழுதிப் போட்டேன். வந்தது சரிதான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் தோன்றுவதில்லை.

பொழுது போகாததால் நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை இங்கேயும் ஆரம்பித்துவிட்டேன். அங்கே அண்ணன் கதை நடத்துவான், இங்கே நான். இங்கே என்னோடு இருக்கும் மூன்று பேருக்கும் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "நான் கதை சொல்லுவேன். நீங்க ஒவ்வொருத்தரும் கதைக்குள்ள ஒரு ஆளு. என்ன செய்யப்போறீங்கன்னு சொல்லிட்டுப் பகடைய உருட்டுங்க. நடக்குமா நடக்காதான்னு அது சொல்லும்" என்றேன். ஜெனரேட்டர் மெக்கானிக் நல்ல ஆகிருதி, எல்லோரும் அவரை யானை என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆளுக்கொரு வேஷம் எழுதிய தாள்களைப் பரப்பியதும் அவர் உடனே போர்வீரன் தாளை எடுத்துக்கொண்டார். ரேடியோ ஆபரேட்டர் மாயாவி. மிச்சம் இருந்தது வைத்தியர். சமையற்காரர் தாளைத் தொடவே இல்லை.

"நாள் பூரா உங்களுக்கு ஆக்கிப் போடுறேன். ஆட்டத்துலயும் நான்தான் உங்களுக்குக் கட்டுப் போடணுமா?"

வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டார். ஆனால் முகம் சரியில்லை. அண்ணி, நீங்கள்தானே வருடக்கணக்காக வைத்தியராக ஆடுகிறவர். அந்த வகைக்கு என்ன பலம், என்ன பலவீனம் என்று கொஞ்சம் எழுதி அனுப்புங்கள். அப்படியே அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

உங்கள்
வாலு


மார்ச் 23

அன்பு வாலுவுக்கு,

உன் கடிதம் வந்ததில் சந்தோஷம். மூக்குக்கு ஆவி பிடி. காதை மூடிக்கொண்டு வெளியே போ. நான் நன்றாக இருக்கிறேன். உன் அண்ணன் ஆபீஸ் போகிறார், வருகிறார்.

டூட்டி மாறும் நேரத்தில் நர்ஸ்கள் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுநடுவே எழுந்து போக வேண்டியிருக்கும், கோர்வையாக இல்லை என்றால் பொறுத்துக்கொள்.

புண்ணை ஆற்றுவது வைத்தியரின் பலம் என்று விதிப்புத்தகத்தில் முதல் வரியிலேயே போட்டிருக்கிறான். அது பலம் இல்லை, வேலை. நிஜமான பலம் அடுத்த பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிறது. எதிரே எது வந்து நின்றாலும், இதற்கு இன்னும் எவ்வளவு உயிர்ப்புள்ளி மிச்சம் இருக்கிறது, அதாவது இன்னும் எவ்வளவு அடி தாங்கும் என்று வைத்தியர் கேட்கலாம். கதை நடத்துகிறவர் பொய் சொல்லக்கூடாது. மற்றவர்கள் எல்லாரும் இருட்டில் கத்தி வீசுகிறவர்கள். எது சாகப்போகிறது, எதனிடம் மாட்டினால் நாம் சாவோம், எப்போது ஓட வேண்டும் என்பது வைத்தியருக்கு மட்டும்தான் தெரியும். சமையற்காரரிடம் இதை முதலில் சொல். அடிபட்டவன் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டாம், முந்திக்கொண்டு கேட்கட்டும்.

பலவீனம் நிறைய. தோல் சட்டைதான் கவசம். கையில் ஒரு சின்னக் கத்தி. அடிபட்டவன் எங்கே விழுந்து கிடக்கிறானோ அங்கேயே போய்த் தொட்டால்தான் மருத்துவம் பலிக்கும். அவன் விழுவது எப்போதும் சண்டை நடுவில்தான். ஒரு நாளைக்கு மூன்றே மருத்துவம், அதற்குமேல் வேண்டுமென்றால் தூங்கி எழ வேண்டும்.

இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது. புத்தகத்தில் இல்லாத பலவீனம் ஒன்று உண்டு. குழுவில் வைத்தியர் இருந்தால் மற்றவர்களுக்குக் கவனம் போய்விடுகிறது. போன ஞாயிறு ஆட்டத்தில் எதிர்வீட்டு டெய்லர் கோட்டைச் சுவர் மேலிருந்து குதித்தார். "பக்கத்துலயே படி இருக்கே" என்றேன். "அதான் நீங்க இருக்கீங்களே" என்றார். உன் அண்ணன் சிரித்தார்.

கூப்பிடுகிறார்கள். பிறகு எழுதுகிறேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

மூக்கு அடங்கிவிட்டது. உங்கள் ஆவி வைத்தியம்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைச் சமையற்காரருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். 'அது பலம் இல்லை, வேலை' என்ற இடத்தில் மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அண்ணி கெட்டிக்காரங்க" என்றார். அன்று ஆட்டத்தில் ஒரு குகைக்குள் கரடியை வைத்திருந்தேன். யானை கோடாரியோடு பாய்ந்தார். சமையற்காரர் கையைக் காட்டி நிறுத்தி, "அதுக்கு எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டார். சொன்னேன். "எல்லாரும் வெளிய வாங்க" என்று ஒரே அதட்டல். யானை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வராமல் இருந்திருந்தால் மூன்று பேரும் காலி. அன்றிலிருந்து சமையற்காரர் நடையே வேறு.

புத்தகத்தில் எழுதாத பலவீனத்தையும் இங்கே கண்ணால் பார்த்துவிட்டேன். ஆபரேட்டர் ஆட்டத்தில் வேண்டுமென்றே விஷக் காளானைத் தின்று பார்த்தார், என்ன ருசி என்று தெரிந்துகொள்ள.

ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். திருடன், மாயாவி, வில்லாளி என்று நாங்கள் எல்லாம் மாறி மாறி ஆடினோம். நீங்கள் மட்டும் ஏன் ஒருநாளும் மாறவில்லை?

அண்ணனுக்குத் தனியாக எழுத நேரமில்லை, இதையே படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள்
வாலு


மே 29

அன்பு வாலுவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. நடுவில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். இப்போது தேவலை. நாக்கு மட்டும் இன்னும் கசக்கிறது. நீ நன்றாகச் சாப்பிடு, வெந்நீர் குடி.

இனிமேல் ஆஸ்பத்திரி முகவரிக்கே எழுது. வீட்டில் தபால் பெட்டி உடைந்திருக்கிறது.

ஏன் மாறவில்லை என்று கேட்டிருக்கிறாய். கல்யாணமாகி வந்த புதிதில், முதல் ஞாயிறு, நீயும் உன் அண்ணனும் டெய்லரும் மேசையில் தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் டீ எடுத்து வந்தேன். உன் அண்ணன், "உக்காரு, ஒண்ணு மிச்சம் இருக்கு" என்றார். மிச்சம் இருந்தது அதுதான்.

போன கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. வைத்தியரே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று விதிப்புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். போர்வீரன் விழுந்தால் ஒரு பக்கம் எழுதியிருக்கிறான், மாயாவி விழுந்தால் அரைப் பக்கம். இதற்கு ஒன்றும் இல்லை. அச்சில் விட்டுப்போயிருக்கலாம்.

கை நோகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

உன் அண்ணி


ஜூன் 12

வாலு,

எப்படி இருக்கிறாய்? நான் இருக்கிறேன். அங்கே குளிர் எப்படி?

உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். உன் கடிதத்தை எதிர்பார்த்து, வராததால் நானே எழுதுகிறேன். உன் அண்ணி கோபித்துக்கொண்டு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் போய் இருக்கிறாள். என்ன கோபம் என்று கேட்டால் கோபமே இல்லை என்கிறாள். நான் ஒரு வார்த்தை அதட்டிப் பேசியதில்லை, கை நீட்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். நலமாகத்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு ஆட்டம் நின்றுவிட்டது. வைத்தியர் இல்லாமல் ஒரு சண்டைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை, டெய்லரும் வருவதை விட்டுவிட்டார். அப்பா அறை அப்படியே கிடக்கிறது, யாரும் சுத்தம் செய்யவில்லை.

உன் பேச்சை அவள் கேட்பாள். நான் சொன்னதாக இல்லாமல் நீயாக எழுதுவது போல ஒரு வார்த்தை எழுது. அப்படியே வாஷிங் மெஷினில் எந்தப் பக்கம் சோப்பு போடுவது என்றும் கேட்டுச் சொல்.

அண்ணன்


ஜூன் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு முழுக்கத் தேறிவிட்டதா? தேறியிருக்க வேண்டும் என்றுதான் எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் வருகிறது.

அண்ணன் எழுதியிருந்தான். தபால் பெட்டி உடையவில்லை என்று புரிந்துகொண்டேன். என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? இரண்டு கடிதம் எழுதினீர்கள், இரண்டிலும் ஆட்டம், விதிப்புத்தகம் என்று எழுதினீர்கள். இதை மட்டும் எழுதவில்லை. நான் என்ன அன்னியமா?

அண்ணன் குணம் உங்களுக்குத் தெரியாததா, அண்ணி? தானாக எதுவும் தோன்றாது அவனுக்கு. ஆனால் மனசில் ஒன்றும் கிடையாது. தனியாக அந்தப் பெரிய வீட்டில் என்ன சாப்பிடுகிறானோ. அப்பாவும் போய், நானும் வந்து, நீங்களும் இல்லை என்றால் அவன் என்னதான் செய்வான்? உங்கள் அளவுக்கு யாராலும் பொறுத்துப்போக முடியாது, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்கள். நடு ஆட்டத்தில் வைத்தியர் எழுந்து போனால் குழு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியே, வாஷிங் மெஷினில் சோப்பு எந்தப் பக்கம் போடுவது என்று அண்ணன் கேட்டான். கோபமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். லாரி கிளம்புகிறது.

உங்கள்
வாலு


ஜூலை 19

வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பு பரவாயில்லை. நீயும் நலமாக இரு. வாஷிங் மெஷினில் சோப்பு இடது பக்கம். பதில் எழுதத் தெம்பில்லை.


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கார்டு வந்தது. அடியில் 'உன் அண்ணி' இல்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டை எடுத்து வைத்துவிட்டு மறுநாள் பதில் எழுதலாம் என்று இருந்தேன், அதற்குள் இங்கே புயல் வந்துவிட்டது.

கொட்டகைக் கூரை பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. யானை மேலே ஏறிக் கட்டும்போது ஒரு தகரம் சுழன்று வந்து தொடையைக் கிழித்துவிட்டது. நல்ல ஆழம். ரத்தத்தை நிறுத்தினோம். ஆனால் பாதையில் மண் சரிந்து லாரி வரவில்லை, ஹெலிகாப்டருக்கு மேகம் விடவில்லை. காயம் சீழ் பிடித்துக் காய்ச்சல் ஏறிவிட்டது. கீழே இருந்து ஒரு டாக்டர் ரேடியோவில் சொல்லச் சொல்லச் செய்தோம்.

செய்தோம் என்று எழுதிவிட்டேன். செய்தது நான். முதல் நாளே ஆபரேட்டர், "உங்க அண்ணி நர்ஸ்தானே? உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்று விலகிக்கொண்டார். எனக்கு என்ன தெரியும்? நர்ஸ் வீட்டில் இருந்தால் தொற்றிக்கொள்ளுமா? சீழைத் துடைப்பது, ஊசி போடுவது, துணி மாற்றுவது, அந்தப் பெரிய உடம்பைப் புரட்டிவிடுவது எல்லாம் என் தலையில். அவர் வலியில் என்னைத் திட்டுவார். பிறகு அழுவார். சமையற்காரர் வெந்நீர் போட்டுக் கொடுத்தார், சூப் கொடுத்தார், ஆனால் வாசலோடு சரி.

ஒரு மத்தியானம் நிற்க முடியவில்லை. ஆபரேட்டரிடம், "கொஞ்ச நேரம் இவர் பக்கத்துல உக்காருங்க, நான் கண்ண மூடிட்டு வர்றேன்" என்றேன்.

"ஐயோ, எனக்குப் பழக்கமில்லைங்க. நீங்க பாத்தாதான் அவருக்கும் பிடிக்குது" என்றார்.

மனிதர் கெட்டவர் இல்லை, அண்ணி. மனசார எனக்குப் பாராட்டு சொல்வதாகத்தான் நினைத்தார். நான் வெளியே போய் டீசல் பீப்பாயை ஓங்கி உதைத்தேன், கால் வீங்கியதுதான் மிச்சம். இந்த வார்த்தையை எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். கேட்டதில்லை, சொல்லியிருக்கிறேன். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அவர் அறை வாசலில் நின்றுகொண்டு, உங்களிடம்.

உள்ளே திரும்பி வந்து ஆபரேட்டரைக் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். "பழகிக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறையில் விழுந்து தூங்கினேன். எழுந்து பார்த்தால் அவர் யானைக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பாதி சட்டையில் சிந்தியிருந்தது, ஆனால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மேகம் விலகியதும் யானையைக் கொண்டுபோனார்கள். கால் தப்பியது என்று ரேடியோவில் செய்தி வந்தது.

ஜூனில் நான் எழுதியதற்குப் பதில் வேண்டாம். அந்தக் கடிதத்தில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி கேட்டுவிட்டு, மீதி முழுக்க அண்ணனைப் பற்றியே எழுதியிருந்தேன். இப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், விருப்பமிருந்தால் சொல்லுங்கள். அந்தக் காய்ச்சலில் உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

வாலு


செப்டம்பர் 21

அன்பு வாலுவுக்கு,

உன் கால் வீக்கம் வற்றியதா? பீப்பாயை உதைப்பதாக இருந்தால் காலி பீப்பாயாகப் பார்த்து உதைக்க வேண்டும். யானை நடக்க ஆரம்பித்துவிட்டாரா என்று எழுது. நீ செய்தது சின்ன வேலை இல்லை, நான் சொல்கிறேன், எனக்குத் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில், யாரும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் காய்ச்சல் தொடங்கியது. வார்டில் பாதிப் பேருக்கு இருந்தது, எனக்கும் வந்தது. முதலில் வீட்டில்தான் படுத்திருந்தேன். உன் அண்ணன் காலையில் வாசலில் வந்து நின்று, "மாத்திரை போட்டியா?" என்பார். நர்ஸ்தானே, போட்டிருப்பேன் என்று போய்விடுவார். சாயங்காலம் வந்து, "நைட்டுக்கு என்ன?" என்பார். தண்ணீர் கேட்டால் கொண்டு வந்து தருவார், வாலு. கேட்டதை மறுக்கிற மனிதர் இல்லை அவர். ஆனால் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. என் இடத்தில் நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய்.

சனிக்கிழமை எழுந்து நிற்கவே தள்ளாடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பார்த்துவிட்டு, "நாளைக்குள்ள சரியாயிடும்ல? ஆட்டம் இருக்கு, டெய்லருக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

சண்டை போடத் தெம்பு இல்லை, போடத் தோன்றவும் இல்லை. பையில் ஒரு மாற்றுப் புடவை வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து என் ஆஸ்பத்திரிக்கே போனேன். வண்டியிலிருந்து இறங்கும்போது மயங்கிவிட்டேன். ஸ்டோர் பார்க்கும் அக்காதான் தூக்கிப் போனாளாம். என் வார்டிலேயே என்னைப் படுக்க வைத்தார்கள். என்னோடு வேலை செய்கிற பெண்கள் நெற்றியில் துணி போட்டார்கள், தலை வாரி விட்டார்கள். ஒருத்தி கேட்காமலே கால் அமுக்கிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் திறக்காமலே படுத்துக் கிடந்தேன், திறந்தால் நிறுத்திவிடுவார்களோ என்று.

உன் அண்ணன் பார்க்க வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது வாஷிங் மெஷின் பற்றிக் கேட்டார். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டதும் எனக்கு மூச்சு லேசானது. புருஷன் போகிற சத்தம் கேட்டு மூச்சு லேசாகிறதே என்று அப்போதுதான் பயம் வந்தது. டிஸ்சார்ஜ் ஆன அன்று குவார்ட்டர்ஸில் ஒரு அறை காலியாக இருந்தது, அங்கே போனேன். அவ்வளவுதான் நடந்தது. ஊருக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அவர் அடித்திருந்தால் சுலபமாகச் சொல்லியிருப்பேன்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், அவரை விட்டு வந்தது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. உன் கடிதத்தின் முதல் வரி மாறிவிடுமே என்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் இல்லை என்றால் நான் உனக்கு யார்? அதனால் தபால் பெட்டியை உடைத்துவிட்டேன்.

சமையற்காரரிடம் ஒன்று சொல். வைத்தியர் நல்ல வகைதான். இன்றைக்கு மேசையில் எல்லாத் தாளும் காலியாகக் கிடந்து, என்னை முதலில் எடுக்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன். குறை அந்த வகையில் இல்லை, கூட ஆடினவர்களிடம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.


அக்டோபர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

முதல் வரியைப் பார்த்துக்கொண்டீர்களா? மாறவில்லை. இந்த உறவை உண்டாக்கியது அண்ணன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் ஒருவனால் அதை இல்லை என்று ஆக்க முடியாது. உங்களுக்கு வேண்டாம் என்றால் சொல்லுங்கள், அப்போது நிறுத்துகிறேன்.

நான் சுகம். யானை கம்பு ஊன்றி நடக்கிறாராம், ஆட்டத்தில் தன் போர்வீரனை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நாங்கள் விதியைக் கொஞ்சம் திருத்திவிட்டோம். கட்டுப் போடும் துணி இப்போது எல்லோர் பையிலும் உண்டு. வைத்தியர் போட்டால் பலன் அதிகம், மற்றவர்கள் போட்டால் குறைவு, ஆனால் போடலாம். ஆபரேட்டர்தான் இதைச் சொன்னார். வைத்தியர் விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் எழுதவும் ஆரம்பித்திருக்கிறார். எழுத்துப் பிழை ஏராளம்.

அண்ணனுக்கும் எழுதிவிட்டேன். அண்ணியைத் திரும்பி வரச் சொல்லி எழுத மாட்டேன் என்று முதல் வரியிலேயே சொன்னேன். அப்பா அறையை நீயே கூட்டு என்றும் எழுதினேன். கோபத்தோடு ஒரு பதில் வந்தது. அடுத்த லாரியில் இன்னொன்று வந்தது, அதில் கோபம் இல்லை. அறையைக் கூட்டினானாம். கட்டிலுக்கு அடியில், படுக்கைப்புண் வராமல் இருக்க அப்பாவின் குதிகாலுக்கு நீங்கள் தைத்த துணி உறைகள் கிடந்தனவாம், இவ்வளவா என்று கேட்டிருந்தான். வேறு ஒன்றும் எழுதவில்லை. இதை வைத்து நீங்கள் எதுவும் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அடுத்த மாதம் முதல் வாரம் எனக்கு விடுமுறை. வீட்டுக்கு வா என்று அண்ணன் கூப்பிடுகிறான். ஒருநாள் போய்ப் பார்ப்பேன், அவனும் எனக்கு வேண்டியவன்தானே. ஆனால் வந்து இறங்குவது உங்கள் அறையில் என்று நினைத்திருக்கிறேன். இடம் இருக்குமா? இல்லை என்றாலும் தயங்காமல் எழுதுங்கள்.

உங்கள்
வாலு


அக்டோபர் 26

அன்பு வாலுவுக்கு,

யானை கம்பை ஊன்றும்போது காயம் இல்லாத பக்கத்துக் கையில் பிடிக்கச் சொல். நிறையப் பேர் மாற்றிப் பிடிப்பார்கள். எனக்கு உடம்பு தேவலை, எடைகூடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

துணி உறை விஷயம் படித்தேன். எழுதியதற்குச் சந்தோஷம். அதைப் பற்றி யோசிக்க எனக்கு நாள் வேண்டும், யாரும் அவசரப்படுத்த வேண்டாம் என்று உன் அண்ணனிடம் சொல். நான் திரும்புவேன் என்றும் சொல்லாதே, மாட்டேன் என்றும் சொல்லாதே. எனக்கே தெரியாது.

நீ வா. அறை சின்னது. ஒரே கட்டில், அது எனக்கு. உனக்குத் தரையில் மெத்தை போட்டுத் தருகிறேன், ஜன்னல் பக்கம் காற்று வரும். கேண்டீனில் சாப்பிட்டுக்கொள்ளலாம், நான் சமைப்பதில்லை.

பஸ் நிலையத்துக்கு வந்து உன்னை அழைத்துப் போகத்தான் ஆசை. ஆனால் அந்த வாரம் எனக்கு நைட் டூட்டி. நீ வந்து சேர்கிற காலை நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அதனால் வர மாட்டேன். சாவியை ஸ்டோர் அக்காவிடம் கொடுத்து வைக்கிறேன், உன் பெயர் சொன்னால் தருவாள். கதவைச் சத்தம் போடாமல் திறந்து உள்ளே வா. பையை எங்கே வேண்டுமானாலும் வை.

என்னை எழுப்பாதே. நானே எழுந்துகொள்கிறேன்.

உன் அண்ணி